சுவருக்கும் வேர்க்கும்

மண் கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிய வேண்டும். கூரை, கோபுரம், வளைவு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சுவர் தரையைத் தொடுகிற இடத்தில், முழங்காலுக்குக் கீழே, அந்தக் கட்டடத்தின் ஜாதகமே இருக்கிறது. மண் பொரிந்து உள்வாங்கியிருக்கிறதா, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா, மழைத்தண்ணீர் சுவரை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா, எந்தப் புண்ணியவானாவது சிமென்டை அள்ளி அப்பியிருக்கிறானா. இத்தனையும் பார்த்த பிறகுதான் நிமிரலாம். நியூ மெக்ஸிகோவில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது.

நான் படித்தது சிவில். சோறு போடுவது காங்கிரீட். மண் சுவரைப் பற்றிக் கல்லூரியில் ஒரு வகுப்பு நடந்ததாகக்கூட நினைவில்லை. நடந்திருந்தாலும் ‘தற்காலிகக் கட்டடங்கள்’ என்று அரைப்பக்கத்தில் முடிந்திருக்கும். வேலை நிமித்தம் அமெரிக்காவின் தென்மேற்குப் பக்கம் வந்தபோதுதான், இருநூறு வருடம் தாண்டியும் அசையாமல் நிற்கிற ‘தற்காலிகக் கட்டடங்களை’ப் பார்த்தேன். அடோபி என்கிறார்கள். களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் குழைத்து, மரச்சட்டத்தில் அறுத்து, வெயிலில் காயவைத்த பச்சைக் கல். சூளையே கிடையாது. வழக்கமான கல் 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். எடை 15 கிலோ பக்கம் வரும். நம் ஊர்ச் செங்கல்லைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் இதைத் தூக்கும்போது கொஞ்சம் யோசித்துக் குனியவும்.

வாசித்துத் தெரிந்துகொள்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதனால் பழைய அடோபி கட்டடங்களைப் பழுதுபார்க்கும் களப்பயிற்சி ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். வடக்கு நியூ மெக்ஸிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் இருக்கும் சின்னக் கத்தோலிக்கக் கோயில்தான் பாடசாலை. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களின் பஞ்சாயத்துகளும் இதில் வருகின்றன.

அந்தக் கோயிலுக்குப் போவதற்கு முன் ராஞ்சோஸ் தெ தாவோஸ் கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் யார் அடோபி பேசினாலும் இந்தக் கதையில் வந்துதான் நிற்பார்கள்.

தாவோஸ் ஊருக்குச் சற்றுத் தெற்கே, சான் பிரான்சிஸ்கோ தெ ஆசிஸ் கோயில். 1772-க்கும் 1816-க்கும் நடுவில் கட்டியது. முன்பக்கம் இரட்டைக் கோபுரம், சிலுவை என்று லட்சணமாக இருக்கும். ஆனால் புகழெல்லாம் பின்பக்கத்துக்குத்தான். கதவு இல்லை, ஜன்னல் இல்லை. தரையிலிருந்து பெருத்து எழும் முட்டுச்சுவர்கள், அவற்றின் மேல் வெயிலும் நிழலும், அவ்வளவே. ஜார்ஜியா ஓ'கீஃப் இந்தப் பின்பக்கத்தை ஓவியமாக வரைந்தார். ஆன்செல் ஆடம்ஸும் பால் ஸ்ட்ராண்டும் புகைப்படம் எடுத்தார்கள். இன்றைக்கும் அந்த முட்டுச்சுவர் பக்கம் யாராவது ஒருவர் முக்காலி போட்டுக் கேமராவோடு நின்றுகொண்டிருப்பார்.

1967-இல் இந்தக் கோயிலுக்கு சிமென்ட் பூச்சு அடித்தார்கள். அதுவரை ஊரே கூடி மண் பூசிவந்தது. ஏறி இறங்கி மண் சுமக்கிற வேலை. ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஒரே தடவை கெட்டியாகப் பூசிவிட்டால் நிம்மதி என்று நினைத்ததில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதற்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். பத்துப் பன்னிரண்டு வருடத்தில், எழுபதுகளின் கடைசியில், பூச்சில் விரிசல் கண்டு உடைத்துப் பார்த்தால், உள்ளே பல இடங்களில் அடோபி கரைந்துபோயிருந்தது. வெளியில் சிமென்ட் ஓடு அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால் சுவர் சேறாகிக் கீழே இறங்கியிருக்கிறது. மொத்த சிமென்டையும் உரித்து, அரித்த இடங்களில் புதுக்கல் வைத்துக் கட்டி, திரும்ப மண்ணுக்கே வந்தார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே மண் பூச்சு நடக்கிறது. என்ஹார்ரே என்று பெயர்.

கெட்டியான சிமென்டுக்குள் இருந்த சுவர் எப்படிக் கரையும்? காங்கிரீட் ஆளாகிய எனக்கு இது முதலில் உறைக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நியூ மெக்ஸிகோ கட்டட விதிப்படி ஓர் அடோபி கல் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு தாங்கினால் போதும். நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 21 கிலோ. எம்20 காங்கிரீட்டில் பத்தில் ஒரு பங்கு. ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் எட்டு மீட்டர் உயர மண் சுவர் தன் அடிப்பகுதியில் கொடுக்கும் பாரம் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோகூட வராது. ஆக, காய்ந்திருக்கும்வரை சுவருக்கு ஒரு குறையும் இல்லை; தாராளமாகவே தாங்கும். ஈரம் ஏறினால்தான் கணக்கு மாறும். களிமண்ணின் பிடிப்பு தளர்ந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் கல் என்ற நிலையே போய்ப் பிசைந்த மாவு போலாகிவிடும். அப்போது அந்த ஒன்றரை கிலோவே அதிகம்.

ஈரம் இல்லாத மண் சுவர் உலகத்தில் கிடையாது. தரையிலிருந்து கொஞ்சம் உறிஞ்சும், மழையில் கொஞ்சம் நனையும். மண் பூச்சு போட்ட சுவர், அந்த ஈரத்தை வெயிலிலும் காற்றிலும் வெளியே விட்டுவிடும். சுவருக்கும் வேர்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் பூச்சு அதை அடைத்துவிடுகிறது. தண்ணீரே உள்ளே போகாமல் அடைத்தாலாவது பரவாயில்லை. பகலில் சுடும், இரவில் குளிரும் அந்த ஊரில் மண்ணும் சிமென்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. மண்ணோடு சிமென்ட் ஒட்டாது என்பதால் கம்பி வலையை ஆணியடித்து அதன்மேல்தான் பூசியிருப்பார்கள். சீக்கிரமே மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும். வெளியே வர வழியில்லை. கீழே இறங்கித் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். மண் பூச்சு கெட்டால் கண்ணுக்குத் தெரியும், சிமென்டுக்குள் கெடுவது தெரியாது. என் பார்வையில் சிமென்ட் செய்கிற பெரிய அநியாயம் இதுதான்.

இனி நம் சின்னக் கோயில்.

அங்கேயும் சிமென்ட் பூச்சு. போதாக்குறைக்குச் சுவரின் அடியைச் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் காங்கிரீட் பட்டை ஒன்று. கான்ட்ராபரெட் என்பார்கள். அடிச்சுவர் அரிக்கிறதே என்ற கவலையில் அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போட்டது. அரிப்புக்குக் காரணமே அடியில் ஏறும் ஈரமும் அது கொண்டுவரும் உப்பும்தான். ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி மண்ணைப் பொரியவைக்கும். நமக்குப் பழக்கமான காட்சிதான். கடலோர ஊர்களில் வாடகைக்கு இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த ஈரத்துக்கு வேலி கட்டினால் அது பின்வாங்கிப் போகாது, மேலே ஏறும்.

முதலில் எதையும் தொடக்கூடாது என்றார்கள். காகிதம், பென்சில், தூக்குக்குண்டு, ஒரு சின்ன மரச்சுத்தி. ஒவ்வொரு சுவரையும் அளந்து வரைந்து, சுத்தியால் தட்டிக்கொண்டே போய், ‘டொக்’ என்ற இடத்தையும் ‘டம்’ என்ற இடத்தையும் தனித்தனி நிறத்தில் குறிக்க வேண்டும். டம் என்றால் பூச்சுக்குப் பின்னால் சுவர் இல்லை. வடக்குச் சுவரில் டம் அதிகம். பனிக்காலத்தில் கூரையிலிருந்து சரியும் பனி அங்கேதான் குவியும். வெயில் படாததால் அப்படியே கிடந்து மெல்ல உருகிச் சுவர்க்காலில் இறங்கும். இதை நாங்கள் படம் வரைந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியில் சாய்ந்தபடி, “வடக்குப் பக்கம் எப்பவும் அப்படித்தான்” என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எத்தனை உயரம் வரை, எவ்வளவு ஆழம் வரை என்பதற்கு அளவு வேண்டுமே.

அதற்குச் சுவரில் பல உயரங்களில் துளையிட்டு, வேறு வேறு ஆழத்திலிருந்து மண் எடுத்து டப்பாவில் அடைத்தோம். உடனே எடை. பிறகு 105 டிகிரியில் உலர்த்தித் திரும்ப எடை. வித்தியாசம்தான் ஈரம். ஆய்வகம் எங்கே? கோயில் கூடத்துச் சமையலறையின் ‘அவன்’ அடுப்புதான் ஆய்வகம். மறுநாள் விருந்துக்கு அதே ‘அவனி’ல் பிஸ்கோசீட்டோ பிஸ்கட் சுடவேண்டியிருந்த அம்மாளுக்கும் எங்கள் பயிற்சியாளருக்கும் நடந்த பேச்சுவார்த்தை தனிப் பதிவுக்கு உரியது. மண் தோற்றது. இரவில்தான் எங்களுக்கு முறை கிடைத்தது.

எண்கள் வந்தபோது, மேலிருந்து கீழே வரவர ஈரம் ஏறியது, அது எதிர்பார்த்ததே. காங்கிரீட் பட்டையின் மேல்விளிம்பை ஒட்டி ஒரேயடியாக எகிறியது. அந்த இடத்தைத் திறப்பதென்று முடிவானது. திறப்பதற்கு முன் உள்ளே கூரை உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்தோம். சில சமயம் கரைந்த சுவரைத் தாங்கிக்கொண்டிருப்பதே அந்தச் சிமென்ட் ஓடுதானாம். அவசரப்பட்டு உரித்தால் சுவரும் கூடவே வந்துவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஓர் ஆள் அகலம்தான் உடைக்கலாம். பூச்சை வெட்டி எடுத்ததும் துருப்பிடித்த கம்பி வலை. வலையைக் கத்தரித்து மடக்கினால் கல்லின் உருவமே இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த ஈர மண், விரலால் தொட்டதும் பொலபொலவென்று சரிந்தது. நடுவில் வைக்கோல் துணுக்குகள் மட்டும் பொன்னிறமாக, நேற்றுப் போட்டவை போல. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போயிற்று. பக்கத்திலிருந்த ஒருவர் ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அர்த்தம் கேட்கவில்லை, தொனியே போதும்.

அரித்த இடத்தைச் சீராகப் படிபடியாக வெட்டி, நல்ல மண் வரும்வரை போய், அங்கிருந்து புதுக்கல்லைப் பழைய சுவரோடு கோத்துக் கட்ட வேண்டும். சாந்தும் மண்தான். இங்கே ஒரு நுணுக்கம். கடையில் கிடைக்கும் அடோபி கல்லில் நிறைய வகை, தண்ணீர் பிடிக்காமல் இருக்கத் தார்க்குழம்பு கலந்தவை. புது வீட்டுக்கு அருமை. பழைய சுவருக்கு நடுவில் வைத்தால் சிமென்ட் செய்த அதே வேலையைச் சின்ன அளவில் அதுவும் செய்யும். சுவர் முழுக்க ஒரே மாதிரி குடிக்க வேண்டும், ஒரே மாதிரி காயவேண்டும். ஆகவே கல் நாங்களே அறுத்தோம். அறுத்த கல்லைச் சில நாள் கழித்துப் பக்கவாட்டில் நிமிர்த்தி, பிறகு அடுக்கி, நன்றாக உலரச் சில வாரம் விடவேண்டும் என்பதால், கட்டியது எங்களுக்கு முன்னால் வந்த குழு அறுத்து வைத்த கல். எங்கள் கல் அடுத்து வந்தவர்களுக்கு.

மண் தேர்வு தனி வித்தை. ஜாம் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் உட்காரும், வண்டல் அதன்மேல் மெதுவாக, களி கடைசியாக ராத்திரி முழுக்க இறங்கும். அடுக்குகளை ஸ்கேலால் அளந்தால் விகிதம் தெரியும். ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி நாடாவாக இழுத்துப் பார்ப்பது இன்னொரு வழி. எத்தனை நீளம் அறுந்துபோகாமல் வருகிறதோ அத்தனை களி. களி அதிகமானால் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். உள்ளூர்ப் பாட்டி ஒருவர் இதொன்றும் செய்யவில்லை. ஒரு சிட்டிகையை வாயில் போட்டு முன்பல்லால் அரைத்தார். நறநறவென்றால் மணல், வழுவழுவென்று நாக்கில் ஒட்டினால் களி. துப்பிவிட்டு, “இன்னும் ரெண்டு மண்வெட்டி மணல் போடு, மிஹா” என்றார். ஜாம் பாட்டில் மறுநாள் காலையில் அவர் சொன்னதையே சொன்னது. மிஹா என்பது ‘மகளே’ மாதிரி. அவருக்கு அங்கே எல்லாரும் பிள்ளைகள்தான், எழுபது வயதுப் பயிற்சியாளர் உட்பட.

மண் பூசுவது அந்தப் பக்கத்தில் காலங்காலமாகப் பெண்கள் வேலை. 1630-இல் அலோன்சோ தெ பெனவீதெஸ் என்ற பாதிரியார் ஸ்பெயின் அரசருக்கு எழுதிய அறிக்கையிலேயே, பூர்வகுடி ஊர்களில் சுவர் எழுப்புவது பெண்கள்தான் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார். பூசுகிற பெண்ணுக்கு என்ஹார்ரதோரா என்று பெயர். தாவோஸைச் சேர்ந்த அனிதா ரோட்ரிகெஸ் அந்தத் தொழிலிலேயே பேர் எடுத்தவர், ஓவியரும்கூட. என் பாட்டி வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் திண்ணை மெழுகியதை யாரும் தொழில் என்று சொன்னதில்லை. வேலை என்றுகூடச் சொன்னதில்லை.

ஜூன் பிறந்ததும் ராஞ்சோஸ் போனோம். ஏன் ஜூன்? பனி உறைகிற காலம் முடிந்திருக்கும். ஜூலையில் தொடங்கும் கோடை மழை இன்னும் வந்திருக்காது. ஈரப் பூச்சு உறைந்தாலும் கெட்டது, மழையில் கழுவப்பட்டாலும் கெட்டது. நடுவில் கிடைக்கும் இந்த இடைவெளியில் ஊரார், வெளியூர்க்காரர்கள், பள்ளிப்பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். சல்லடையில் மண் சலிக்கிறார்கள், வைக்கோல் நறுக்குகிறார்கள், கலவை இயந்திரம் உறுமுகிறது, பாண்டில் மண் கைமாறிச் சாரத்தின் மேலே போகிறது. சுவரில் முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த சுவர் புது மண்ணின் ஈரத்தைக் குடித்துவிட்டால் பூச்சு ஒட்டாமல் பெயரும். அப்புறம் உள்ளங்கை நிறைய மண்ணை எடுத்து அறைந்து, மணிக்கட்டால் மேல்நோக்கி இழுக்க வேண்டும். நான் கரணையைத் தேடினேன். அந்த முட்டுச்சுவரில் நேர்க்கோடு என்று ஒன்று கிடையாது, கரணைக்கு அங்கே வேலையில்லை என்றார்கள். உண்மைதான். ஓவியர்களை மயக்கிய அந்த வளைவுகளை யாரும் வரைபடம் போட்டு உருவாக்கவில்லை. ஆண்டாண்டாக விழுந்த உள்ளங்கைகள் சேர்ந்து போட்ட வளைவு அது.

இதையெல்லாம் படித்துவிட்டு “ஆகா, ஊர் கூடித் தேர் இழுப்பது” என்று உருகுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராஞ்சோஸ் உலகப் புகழ் பெற்ற கோயில். அங்கே ஆள் வரும். நாங்கள் வேலை செய்த ஊரில் பிள்ளைகள் எல்லாம் அல்புகெர்க்கிக்கும் டென்வருக்கும் போய்விட்டார்கள். ஞாயிறு பூசைக்கு வருகிற பத்துப் பதினைந்து பேரில் சாரம் ஏறக்கூடியவர்கள் ரெண்டு பேர். அவர்களிடம் போய் ‘சிமென்ட் தப்பு, வருடாவருடம் மண் பூசுங்கள்’ என்று நகரத்திலிருந்து வந்து புத்தி சொல்வது எனக்குக் கூச்சமாகவே இருந்தது. சான்டா ஃபேயில் இருக்கும் கார்னர்ஸ்டோன்ஸ் அமைப்பு 1986-இல் தொடங்கியதிலிருந்து இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறது. வேலையை அந்தந்த ஊராரே செய்ய வேண்டும், அமைப்பு கற்றுத்தரும், கூட நிற்கும் என்பது அவர்கள் வழி. நல்ல வழி. ஆனால் செய்ய ஊரார் இருக்க வேண்டும். வெளியாட்களுக்கு மண் பூசும் ஆசை இருந்தால், புகழ்பெற்ற கோயிலில் ஒரு நாள் பூசிப் படம் எடுத்துக்கொள்வதைவிட, பெயர் தெரியாத கோயிலில் தொடர்ந்து மூன்று வருடம் போய்ச் சாக்கடை வெட்டுவது உபயோகம் என்பது என் அபிப்பிராயம்.

நடுவில் சின்னத் தகவல், நம் ஆட்கள் ரசிப்பார்கள். அரிசோனாவில் டூசான் பக்கம் சான் சேவியர் தெல் பாக் என்ற கோயில். அது சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும், அடோபி இல்லை. அங்கேயும் சிமென்ட் அடித்து, ஈரம் கோத்து, உள்ளே இருந்த ஓவியங்கள் கெட ஆரம்பித்தன. சிமென்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசியபோது அதில் சேர்த்தது சப்பாத்திக்கள்ளிச் சாறு. நம் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பில் விட்டதை நினைத்துக்கொண்டேன். வேலியில் முளைத்துக் கிடக்கும் கள்ளிக்கு இப்படியும் ஒரு வாழ்வு.

சின்னக் கோயிலில் கடைசிப் பஞ்சாயத்து அந்தக் காங்கிரீட் பட்டையைப் பற்றி. எடுத்தே ஆகவேண்டும் என்றோம் நாங்கள். அதைப் போட்டவர் அந்த ஊர்க்காரர். அவர் தம்பிதான் வேலியில் சாய்ந்து நின்ற பெரியவர். அண்ணன் சம்பளத்தில் மூட்டை வாங்கி, கையால் கலந்து போட்டது என்றார் அவர். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. மண்ணைச் சுவைத்துப் பார்த்த பாட்டிதான் முடித்துவைத்தார்: ஈரம் அதிகமாக இருக்கும் வடக்குப் பக்கம் மட்டும் இந்த வருடம் எடுப்போம், தெற்கே வெயில் அடிக்கிறது, அது இருக்கட்டும், அடுத்த கோடையில் ரெண்டு பக்கமும் துளைபோட்டு எடை பார்ப்போம். எந்தப் பக்கம் காய்ந்திருக்கிறது என்று ‘அவனே’ சொல்லட்டும் என்றார். பெரியவர் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை: துளை போடும் இடத்தை அவர்தான் காட்டுவார்.

வடக்குப் பக்கம் பட்டையை உடைத்து, தரையைச் சுவரிலிருந்து விலகிச் சரியும்படி வெட்டி, கூரைத் தூம்பை இன்னும் ஓர் அடி வெளியே நீட்டினோம். தூம்பின் கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் கல் பரப்பியாயிற்று. அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். யாராவது வருவதாக இருந்தால் பழைய துணி, தொப்பி, ரப்பர் பூட்ஸ் கொண்டுவாருங்கள். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். எடைத் தராசு நான் கொண்டுவருகிறேன். ‘அவனுக்கு’ இப்போதே சொல்லி வைத்தாயிற்று.